கல்வரிசை முடியும் இடம்

கொம்பையா தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்பார். மூன்று வருஷமாக அதே கேள்விதான்.

"அம்மா, அவன் வருவானா?"

பேராச்சியம்மா அதற்குப் பதில் சொன்னதே இல்லை. கோபித்துக்கொண்டதும் இல்லை. அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்து, "தண்ணி கொண்டாந்தாச்சா அண்ணாச்சி?" என்பாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்.

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சிஷ்யருக்கு அறுபத்து மூன்று. புதிதாக வருகிறவர்கள் மாற்றிப் புரிந்துகொண்டு கொம்பையாவின் காலில் விழுவார்கள். முதல் வருஷம் அவர் பதறிப்போய்த் துள்ளி விலகினார். அப்புறம் பழகிவிட்டது. "அங்க, அங்க" என்று கையைக் காட்டிவிட்டு வறட்டி அடுக்கப் போய்விடுவார்.

வடக்கே, மரம் முளைக்காத உயரத்தில், ஒரு பச்சை நிற ஆற்றின் கரையில் இருந்தது அந்த ஆசிரமம். ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று அறை, ஒரு அடுப்பு, மலையைக் கடந்து போகிறவர்கள் ஒரு ராத்திரி முடங்கிக்கொள்ள ஒரு கூடம். பத்தமடைப் பக்கத்துப் பெண் இவ்வளவு தூரம் எப்படி வந்து சேர்ந்தாள் என்று யாராவது கேட்டால், "நடந்துதான்" என்பாள் பேராச்சியம்மா. அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

கொம்பையா ஞானம் தேடி வந்தவர் இல்லை. அதை அவரே ஒப்புக்கொள்வார். அவர் மகனைத் தேடி வந்தவர்.

தெற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் அவர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். பாறை உடைத்து நாற்பதடி, ஐம்பதடி இறங்குவார். மேலே கயிறு பிடிப்பவன் மகன் இசக்கிமுத்து. கிணற்றுக்குள் இருக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன்தான் சாமி. வேலை முடிந்து கொம்பையா நிமிர்ந்து பார்த்தால், மேலே வட்டமாக வானம் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் பையனின் தலை தெரியும். "ஏறுதியளாப்பா?" என்று குரல் வரும்.

ஒருநாள் கயிறு நழுவிவிட்டது. இரண்டு பாகம், இரண்டு ஆள் உயரம்தான். பையன் விடவில்லை, உருளையில் சுண்டுவிரல் சிக்கி நுனி துண்டாகிப் போனபோதும் இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டான். மேலே ஏறிவந்த கொம்பையா அந்த விரலைப் பார்க்கவில்லை. கூலிக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் கை நீட்டிவிட்டார். மூன்று அடி. மறுநாள் விடியற்காலை பையன் வீட்டில் இல்லை. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

ஆறு வருஷம் கழித்து, யாத்திரை போய்த் திரும்பிய ஒருவர் சொன்னார், இந்த மலைகளுக்குள் காவி கட்டிய ஒரு பையனைப் பார்த்தேன், சுண்டுவிரல் நுனி இல்லை, தமிழில் முனகினான் என்று. கொம்பையா அன்றே கிளம்பினார். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர் எப்படியோ கேட்டுக் கேட்டு வந்து இந்த ஆற்றங்கரையில் நின்றார். கணவாயிலிருந்து இறங்கும் பாதை ஆசிரமத்தின் வாசல் வழியாகத்தான் போகும். அவன் எப்போது இறங்கினாலும் இப்படித்தான் இறங்க வேண்டும். ஆகவே தங்கிவிட்டார்.

ஊரிலிருந்து அவர் மனைவி மலைச்சி அடிக்கடி கார்டு போடுவாள். பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுப்பது. இங்கே பேராச்சியம்மாதான் வாசித்துக் காட்டுவாள்.

"எப்ப வாரீய? மழை பரவாயில்ல. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. எப்ப வாரீய?"

எல்லாக் கார்டும் இதே மாதிரிதான். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

"பெத்தவ கேக்காளா பாருங்க," என்பார் கொம்பையா. "கல்நெஞ்சுக்காரி."

"பதில் எழுதட்டுமா அண்ணாச்சி?"

"என்னத்த எழுத? பையன் கெடைச்சதும் ரெண்டு பேருமாப் போய் நிப்போம். அதான் பதில்."

கார்டு அவருடைய தகரப் பெட்டிக்குள் போய்விடும்.

போன ஐப்பசியில் அவர் ஒரு காரியம் செய்தார். பேராச்சியம்மாவிடம் சொல்லவில்லை.

ரிக்சின் என்ற மேய்ப்பன் வருஷா வருஷம் கணவாய் மூடுவதற்கு முன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போவான். பனி உருகிய பிறகு மெல்ல மெல்ல மேய்த்துக்கொண்டு புரட்டாசியில் திரும்புவான். போகிற வழியில் எல்லோருடைய சேதியையும் கொண்டுபோவான், கொண்டுவருவான். அவனிடம் கொம்பையா சொன்னார்: சுண்டுவிரல் நுனி இல்லாத ஒரு தெற்கத்திச் சாமியாரைப் பார்த்தால், உன் அம்மா செத்துப்போனாள் என்று சொல். உன் அப்பா ஆற்றங்கரையில் இருக்கிறார், வந்து தண்ணீர் விடு என்று சொல்.

காவி கட்டினவன் எதை விட்டாலும் பெற்றவளுக்குக் கடைசித் தண்ணீர் விடுவதை விடக் கூடாது என்று அவர் ஊரில் சொல்வார்கள். அந்த ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தமே முப்பது வார்த்தைதான். பொய் சொல்ல அது போதுமானதாக இருந்தது.

ஊரில் மலைச்சி குத்துக்கல்லாட்டம் இருந்தாள்.

இந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பேராச்சியம்மா வழக்கத்தை மாற்றினாள்.

"வேட்டைக் குழி பாத்திருக்கீயளா அண்ணாச்சி?"

"குழியா?"

"மேல, கணவாய்க்குப் போற மலை முதுகுல. ரொம்பப் பழசு. எந்தக் காலத்து ஆளுக வெட்டினதுன்னு இங்க உள்ளவியளுக்கே தெரியாது. நீங்க கிணறு வெட்டினவரு. பாத்தா ஏதாவது சொல்லுவீய."

"எனக்கு எதுக்கும்மா குழி? ரிக்சின் வர்ற நேரம். நான் இங்கன இருக்கணும்."

"ரிக்சின் நேத்தே வந்தாச்சாம். அவன் ஆடு இப்ப அந்தக் குழிக்குப் பக்கத்துலதான் மேயுது."

கொம்பையா குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஏற்றம் கடுமையாக இருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர்தான் முன்னால் போனார். மூன்று வருஷத்தில் அவர் குருவை முந்திக்கொண்டு நடந்தது அன்றுதான்.

"அம்மா, அவன் வருவானா?" என்று மூச்சுக்கு நடுவே கேட்டார்.

"பாத்து நடங்க. கல்லு உருளும்."

உச்சி வெயிலுக்கு முதுகின் மேல் வந்து சேர்ந்தார்கள். புல் கருகிச் சிவந்து கிடந்தது. தூரத்துச் சரிவில் ஆடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பேராச்சியம்மா இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு குரல் கொடுத்தாள். அங்கிருந்து பதில் குரல் வந்தது. மந்தையைச் சேர்த்துவிட்டு வருவான், அதற்கு ஒரு நாழிகை ஆகும் என்றாள்.

அந்த ஒரு நாழிகை கொம்பையாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. உட்காரவும் முடியவில்லை. அதனால் குழிகளைப் பார்த்தார்.

முதலில் கண்ணில் பட்டவை குழிகள் அல்ல, கற்கள். சரிவின் குறுக்கே இரண்டு வரிசையாக, முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் குவியல்கள். ஆரம்பத்தில் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு ஊரே உட்காரலாம். போகப் போக நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒரு மாடு நுழைகிற அகலத்துக்கு வந்து நின்றது. அங்கேதான் குழி. இப்படி ஒன்பது இருந்ததாம். எட்டு தூர்ந்துபோய்ப் பள்ளமாகக் கிடந்தன. ஒன்று மட்டும் திறந்த வாயுடன் இருந்தது.

"காட்டாட்டுக்கு வெட்டினது," என்றாள் பேராச்சியம்மா. "பெரிய கொம்பு இருக்குமே, அது. பனி இறங்கும்போது மந்தை இந்த முதுகு வழியாத்தான் கீழ இறங்குமாம்."

கொம்பையா வரிசையைக் காலால் அளந்து பார்த்தார்.

"இம்புட்டு உயரந்தானா? இதை ஒரு குட்டி தாண்டிருமே."

"தாண்டும்."

"பெறவு ஏன் தாண்டல?"

"தாண்டணும்னு அதுக்கு ஏன் தோணும்? பக்கத்துல ஒரு வரிசை போகுது. அது கூடவே நடக்க வேண்டியதுதானே."

"சரி, ஆளுக எங்க ஒளிஞ்சிருப்பாவ?"

"ஒளிய மாட்டாவளாம். குழியை மூடிட்டு வீட்டுக்குப் போயிருவாவளாம். ஆள் வாடை அடிச்சா அந்தப் பக்கமே வராதாம்."

"அது எப்படி முடியும்? குழி வெட்டிப்போட்டவனுக்கு வீட்டுல உறக்கம் வருமா?"

"அதை வெட்டினவியகிட்டதான் கேக்கணும்."

கொம்பையா குழியின் விளிம்பில் குனிந்தார். தொழில்காரரின் கண் விழித்துக்கொண்டது. நம் சிஷ்யருக்கு வேதாந்தத்தில் தடுமாற்றம் உண்டு, குழியில் கிடையாது.

"கெட்டிக்காரன்மா வெட்டினவன். கிணறுன்னா மேல அகலமா இருக்கும், போகப்போகக் குறுகும். இது தலைகீழ். வாய் சின்னது, வயிறு பெருசு."

"ஏன் அப்படி?"

"சுவரு உள்ள சாஞ்சிருக்கு பாருங்க. விழுந்தது ஏறிரக் கூடாதுல்லா."

"வெட்டின கல்லு எங்க அண்ணாச்சி?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்து நிறுத்தியது. எந்தக் கிணறு வெட்டினாலும் பக்கத்தில் ஒரு குன்று எழும்பும். இத்தனை பெரிய குழியிலிருந்து வந்த கல் எங்கே போயிற்று? சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குவியல் இல்லை. வரிசையிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டினார். கருநீலக் கல், நடுவில் வெள்ளை நரம்பு. தரையில் கிடந்த மற்றக் கல்லெல்லாம் சிவப்பு. குழிக்குள் எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்கக் கருநீலம், வெள்ளை நரம்பு.

"இந்தா கெடக்கு!" என்று சிரித்துவிட்டார். "குழிக்குள்ள இருந்து எடுத்த கல்லை வச்சேதான் வரிசை கட்டிருக்கான். ஒத்தக் கல்லு வீணாப் போகல. ஆளுன்னா இவன்லா ஆளு!"

பேராச்சியம்மா அந்தக் கல்லைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

உளித் தடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆழம் ஆளுயரமும் ஒரு முழமும்தான். ரிக்சின் இடுப்பில் எப்போதும் கம்பளிக் கயிறு இருக்கும், அவன் வந்து தூக்கிவிடுவான். விளிம்பில் கையூன்றித் தொங்கி, கீழே குதித்தார்.

உள்ளே காற்று இல்லை. மேலே ஊளையிட்டுக்கொண்டிருந்த குளிர் சட்டென்று நின்றுபோனது. யாரோ அங்கே தங்கியிருக்கிறார்கள். ஓரமாகக் கரி கிடந்தது. ஒரு தட்டைக் கல்லின் மேல் எள் நாலைந்து மணி ஒட்டிக் காய்ந்திருந்தது. கல்லின் அடியில் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

இழுத்தார். துணி. ஒரு சேலையின் முந்தி, கிழித்தது. மஞ்சள் கரை. கரையில் காலணா அளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சிவப்பு நூலால் தைத்து மூடியிருந்தது. அந்த ஓட்டை அவருடைய பீடி போட்டது. சிவப்பு நூல் மலைச்சி போட்டது. பச்சை நூல் கிடைக்காமல் அவள் அன்றைக்கு அவரை ஏசியது கூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

துணியின் ஒரு மூலையில் முடிச்சு இருந்து அவிழ்ந்த சுருக்கம் அப்படியே நின்றது. முகர்ந்து பார்த்தார். பத்து வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் கருப்பட்டி வாசனை அடித்தது, அல்லது அடித்ததாக அவருக்குத் தோன்றியது.

பையன் போன மறுவாரம் மலைச்சியின் சேலை ஒரு பக்கம் குட்டையாக இருந்தது. முந்தி எங்கே என்று கேட்டார். "எலி கடிச்சுட்டு" என்றாள். அவரும், எலிப்பொறி வாங்கி வை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விடியற்காலையில் எழுந்து கருப்பட்டியை முடிந்து கொடுத்தே அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் அந்த நினைப்பு அப்போது அவரிடம் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா! வந்திருக்கான்! எம் புள்ள இங்கன வந்திருக்கான்! சேதி கெடைச்சு வந்திருக்கான்!"

மேலே வட்ட வானத்தின் ஓரத்தில் பேராச்சியம்மாவின் தலை தெரிந்தது.

"என்ன சேதி அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு தலை வந்துவிட்டது. ரிக்சின். காய்ந்து வெடித்த கன்னம், காதுவரை மூடிய தொப்பி. குழிக்குள் இருந்தவரைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தான். பேராச்சியம்மாவிடம் அவன் பாஷையில் மளமளவென்று பேசத் தொடங்கினான். அவள் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள்.

"உங்க பையனைப் பாத்தேங்காரு."

"எங்க? எப்ப?"

"போன ஐப்பசியில. இதே இடத்துல. இவரு மேல ஏறி வாராரு, பையன் அந்தப் பக்கத்துல இருந்து இறங்கி வாரான்."

"இறங்கியா?"

"இறங்கித்தான். எங்க போறன்னு கேட்டாராம். ஊருக்குப் போறேன், எங்க அம்மையைப் பாக்கப் போறேன்னு சொன்னானாம்."

கொம்பையா துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ரிக்சின் அடுத்ததைச் சொன்னான். பேராச்சியம்மா ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு குழிக்குள் பார்த்து, அதே குரலில் சொன்னாள்.

"அப்ப நீங்க சொல்லிவிட்ட சேதியைச் சொன்னாராம். உங்க வீட்டுல அவிய செத்துப்போயிட்டாவன்னு."

கொம்பையா கல்லின் மேல் காய்ந்திருந்த எள்ளைப் பார்த்தார்.

"பையன் அப்படியே உக்காந்துட்டானாம். மூணு நாளு இந்தக் குழிக்குள்ளதான் கெடந்தானாம். இவரும் ஆட்டை நிறுத்திட்டுக் கூடவே இருந்தாராம். மூணாம் நாளு எள்ளும் தண்ணியும் விட்டானாம். உங்க அப்பா கீழ ஆத்தங்கரையிலதான் இருக்காரு, அரை நாள் நடை, வா கூட்டிட்டுப் போறேன்னு இவரு கூப்பிட்டாராம்."

"என்ன சொன்னான்?"

"என்னைத் தேடியே செத்திருப்பா. அவளைத் தனியா விட்டுட்டு எங்க அப்பா எனக்காக இங்க வந்து உக்காந்திருக்காரு. அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்னானாம். திரும்பி மேல ஏறிட்டானாம். பெறவு பாக்கலையாம்."

கொம்பையா கரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை நாள் நடை. அந்த ஐப்பசி முழுக்க அவர் வாசலில் நின்று இந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதே இடத்தில் புகை தெரிந்த ஒரு சாயங்காலம் கூட அவருக்கு ஞாபகம் வந்தது. மேய்ப்பர்கள் என்று நினைத்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

"அவ சாகலம்மா," என்றார். "உங்களுக்குத்தான் தெரியுமே. உயிரோட இருக்கா. நாந்தான் அப்படிச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னாத்தான் வருவான்னு."

அதையும் பேராச்சியம்மா ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் ரிக்சினுக்கு அவன் பாஷையில் சொன்னாள்.

ரிக்சின் அதற்குள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். கேட்டுக்கொண்டே அதை மறுபடி இடுப்பில் சுற்ற ஆரம்பித்தான். மெதுவாகப் பேசினான்.

"முப்பது வருசமா இந்தக் கணவாய்ல சேதி சுமக்கேங்காரு. சாவு சொல்லிருக்கேன், கல்யாணம் சொல்லிருக்கேன். பொய் சுமந்ததில்ல. மூணு நாளு அந்தப் பையன் எம் மடியிலதான் அழுதாங்காரு."

கயிற்றின் நுனியைச் செருகிக்கொண்டு ரிக்சின் இன்னும் ஒன்று சொன்னான்.

"உங்களுக்கு அவரு கயிறு கெடையாதாம்."

தலை மறைந்தது. ஆட்டை அதட்டும் குரல் தூரமாகிக்கொண்டே போயிற்று.

கொம்பையா எழுந்து சுவரைத் தடவினார். கைவைக்க ஒரு பிடி இல்லை. எங்கே ஏறினாலும் சுவர் முகத்தில் சாய்ந்தது. வெட்டினவன் கெட்டிக்காரன்தான்.

"அம்மா, ஒரு கை குடுங்க."

"நான் குடுத்தா நானும் உள்ள வந்துருவேன் அண்ணாச்சி. செத்த விலகி நில்லுங்க."

ஒரு கருநீலக் கல் மேலிருந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று.

அவருக்கு முதலில் புரியவில்லை. கோபத்தில் எறிகிறாள் என்று நினைத்துச் சுவரோரம் ஒண்டினார். எறிந்திருந்தாலும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாவது கல் விழுந்தபோது அவள் சொன்னாள்: "அடுக்குங்க."

குழியின் இரண்டு பக்கமும் நின்ற வரிசையை அவள் கலைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குவியல் முடிந்ததும் அடுத்த குவியலுக்குப் போவாள். முதலில் பக்கத்தில் இருந்தாள். பிறகு அவள் போய்த் தூக்கிக்கொண்டு வரும் நேரம் நீண்டது. அவர் ஒவ்வொரு கல்லாக வாங்கி, அசையாமல் பதித்து, படி கட்டினார்.

இரண்டு கல்லுக்கு நடுவே செய்ய ஒன்றுமில்லாமல் நிமிர்ந்து பார்ப்பார். வட்டமாக வானம். ஓரத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு தலை தெரிய வேண்டும் என்று அவர் உடம்பு முழுக்க ஏங்கியது. ஏறுதியளாப்பா என்று ஒரு குரல். ஒரே ஒரு தடவை. அதற்காக இந்தக் குழியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் கிடப்பார். அன்றைக்குக் கயிறு நழுவியது இரண்டு பாகம், அவன் பிடித்து நிறுத்தியது முப்பதடிக்கு மேல் இருந்த மீதி ஆழத்தை. இதை யாராவது அப்போதே அவருக்குக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

வாய்விட்டு அழுதார். மேலே கல் சுமந்தவள் கேட்டிருப்பாள். அவள் நிற்கவில்லை, கல் விழுவதும் நிற்கவில்லை.

வெயில் மேற்கே சாய்ந்தபோது படி இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. விளிம்பில் கையூன்றி, வயிற்றால் ஊர்ந்து, கொம்பையா வெளியே வந்தார். குழியின் இரு பக்கமும் தரை வெறுமையாகக் கிடந்தது. எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை. பேராச்சியம்மாவின் உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொம்பையா கணவாயைப் பார்த்துச் சொன்னார்.

"நான் கணவாய் தாண்டிப் போறேம்மா. இன்னும் பத்து நாளு தெறந்திருக்கும். தேடிப் புடிச்சுச் சொல்லிருதேன்."

"என்ன சொல்லுவீய?"

"உங்க அம்ம உயிரோட இருக்கான்னு."

"நம்புவானா?"

கொம்பையா கையிலிருந்த துணியை விரித்து, பழைய முடிச்சின் சுருக்கத்தை விரலால் நீவினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டான். இதுல அவ ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பினா நம்புவான். அவ முடிச்சு அவனுக்குத் தெரியும்."

பேராச்சியம்மா அந்தத் துணியின் சிவப்புத் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆனா அவகிட்ட நான் எந்த வாயால கேப்பேன்? உன்னைச் சாகடிச்சுட்டேன், உம் புள்ள உனக்கு எள்ளுத் தண்ணி விட்டுட்டான், அதனால ஒரு முடிச்சுப் போட்டுக் குடுன்னா?"

கணவாயிலிருந்து காற்று இறங்கியது. கீழே ஆறு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஆசிரமத்தின் வாசல், மூன்று வருஷமாக அவர் நின்ற இடம், ஒரு புள்ளியாகக் கூடத் தெரியவில்லை.

கொம்பையா துணியை மடித்து இடுப்பில் செருகினார். பிறகு, மூன்று வருஷமாகக் காலையில் கேட்கிற கேள்வியை, அன்று சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டார்.

"அம்மா, அவன் வருவானா?"

பேராச்சியம்மா முதல் தடவையாக அதற்குப் பதில் சொன்னாள்.

"'எப்ப வாரீய'ன்னு பதினேழு கார்டு உங்க பெட்டிக்குள்ள கெடக்கு அண்ணாச்சி. பதிலை நான் எழுதட்டுமா, இல்ல நீங்களே கொண்டு போறீயளா?"